வான்கோழி வளர்ப்பில் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

வீட்டை ஒட்டிய சிறு பண்ணையில் வான்கோழி வளர்ப்போர் அடையும் இழப்புகளில் பெரும்பகுதி, வான்கோழியை உருவில் பெரிய கோழியாக எண்ணி, கோழித் தீவனத்தையே கொடுத்து, கோழி மேய்ந்த மண்ணிலேயே மேயவிட்டு, கோழிக்கு வாங்கிய மருந்தையே குடிநீரில் கலந்துவிடுவதால் நேர்கிறது. தீவனத் தேவையிலும் நோய் தாங்கும் திறனிலும் இரண்டும் வெவ்வேறு பறவைகள். இந்த வழிமுறை நோயின் பெயரிலிருந்து தொடங்காமல், காலையில் கொட்டகையைத் திறக்கும்போது கண்ணில் படுவதிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் சூழலையும் தீவனத்தையும் பார்த்துவிட்டு, அதன் பிறகே நோயைச் சந்தேகிக்க வேண்டும். சூழலில் உள்ள குறையை அன்றைக்கே சரிசெய்துவிடலாம் என்பதோடு, அக்குறை நீங்காதவரை எந்த மருந்தும் நிலையான பலன் தருவதில்லை.

கவலை தரும், ஆனால் நோயல்லாத மாற்றங்கள்

வான்கோழியின் தலையும் கழுத்தும் இறகற்றவை. அந்தத் தோலின் நிறம் பறவையின் மனநிலைக்கேற்பச் சிவப்பு, நீலம், வெண்மை எனச் சில நிமிடங்களுக்குள் மாறக்கூடியது. ஆண் தோகை விரிக்கும்போது அலகின் மேலுள்ள சதை நீண்டு தொங்குவதும், இயல்புநிலைக்குத் திரும்பியதும் சுருங்கிக்கொள்வதும் நோயல்ல. ஆனால் தலை மணிக்கணக்கில் வெளிறியோ கருநீலமாகவோ இருந்து, பறவையும் கூட்டத்தை விட்டு விலகி, இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடி நின்றால் அது நோய்தான். வான்கோழி தன் தளர்ச்சியைக் கடைசிவரை மறைக்கும் பறவையாதலால், இந்த நிலை நம் கண்ணில் படும்போது நோய் தொடங்கிச் சில நாள்கள் ஆகியிருக்கும்.

எச்சத்தையும் நலமான காலத்திலேயே பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். வழக்கமான எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளைப் படிவத்தோடு இருக்கும். இடையிடையே வெள்ளைப் படிவம் இல்லாமல், அடர்பழுப்பு நிறத்தில், பசைபோல் ஒட்டிக்கொண்டு, கடுமையாக நாறும் எச்சம் விழும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, முற்றிலும் இயல்பானது. வளர்ந்த ஆணின் எச்சம் ஒரு முனை வளைந்து நீளமாகவும், பெட்டையினுடையது சுருண்டும் விழுவதால், பறவைகள் இரவில் உறங்கும் கட்டையின் கீழே கிடக்கும் கெட்ட எச்சம் எந்தப் பறவையுடையது என்பதைக் கண்டுபிடிக்க இது ஓரளவு உதவும்.

குஞ்சுகள் முதல் வாரத்திலேயே இறக்கின்றன

முதலில் இறப்பு எந்த நாளில் நிகழ்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பொரித்து வந்த குஞ்சு, வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள்கருவை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீவனமின்றியே உயிரோடிருக்கும். எனவே மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை, சுறுசுறுப்பாகத் தெரிந்த குஞ்சுகள்கூட ஒவ்வொன்றாகத் தளர்ந்து சாகுமானால், அவை தின்னவும் குடிக்கவும் கற்றுக்கொள்ளவே இல்லை என்று கொள்ளலாம். தீவனத் தட்டு நிரம்பியிருக்கையிலேயே அதன் பக்கத்தில் குஞ்சு பட்டினியால் சாவது கோழிக்குஞ்சு வளர்த்தவருக்கு நம்ப முடியாததாக இருக்கும். வான்கோழிக் குஞ்சுக்கு அது வெகு சாதாரணம். இறந்த குஞ்சின் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தால் அது வெறுமையாக இருக்கும், அல்லது தீவனத்துக்குப் பதிலாக உமியும் மரத்தூளும் அகப்படும்.

இதற்கான பரிகாரம் கை உழைப்புதான். ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து, அலகின் நுனியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அது விழுங்குவதைக் கண்ட பிறகே கீழே விட வேண்டும். பின்னர் அலகைத் தீவனத்தில் தொடச் செய்ய வேண்டும். குஞ்சுகளின் கண்ணைப் பளபளப்பு ஈர்ப்பதால், தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டுவைத்தால் அவற்றைக் கொத்தப் போய்க் குடிக்கக் கற்றுக்கொள்ளும். ஆழமான தண்ணீரில் குஞ்சு விழுந்து மூழ்காமலும் அதே கோலிக்குண்டுகள் காக்கும். வேகவைத்துப் பொடியாக நறுக்கிய முட்டையைத் தீவனத்தின் மேல் தூவுவது பயன் தரும். சில நாள் மூத்த, தின்னக் கற்றுக்கொண்ட வான்கோழிக் குஞ்சு இரண்டை உடன் விடுவது இவை எல்லாவற்றையும்விட விரைவான வழி. கோழிக்குஞ்சை ஆசானாக விடும் பழக்கமும் உண்டு. கருந்தலை நோயைப் பற்றிக் கீழே சொல்லியிருப்பதைப் படித்தால், நான் அதை ஏன் பரிந்துரைப்பதில்லை என்பது விளங்கும்.

இறப்பு முதல் இரண்டு நாளிலேயே நிகழ்ந்தால் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். புரூடரில், அதாவது குஞ்சுகளை விளக்கின் வெப்பத்தில் வைத்து வளர்க்கும் அடைப்பில், குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதன் பின் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே போகலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகள் படுத்திருக்கும் விதம் தெளிவாகச் சொல்லிவிடும்: விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்து கத்தினால் குளிர், விளக்கை விட்டு விலகி ஓரமாக வாய் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் அதிகம், எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. குஞ்சுகள் அச்சமுற்றால் மூலையில் குவிந்து அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும் என்பதால், புரூடருக்கு மூலையே இருக்கக் கூடாது. 45 சென்டிமீட்டர் உயர அட்டையை வட்டமாக வளைத்துக் கட்டினால் போதும்.

இரண்டும் சரியாக இருந்தும் குஞ்சுகள் சத்தமின்றி வாய் திறந்து மூச்சுக்குத் திணறினால், தரையில் பரப்பியிருக்கும் கூளத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஞ்சை வித்து நுரையீரலில் தங்கி உண்டாக்கும் இந்த நோய்க்குப் பயனுள்ள சிகிச்சை இல்லை. கூளம் முழுவதையும் அகற்றி, உலர்ந்த புதுக் கூளம் பரப்புவதால் மற்றக் குஞ்சுகளைக் காக்கலாம்.

கால் விரிகிறது, வளைகிறது, நடக்க மறுக்கிறது

பொரித்த முதல் சில நாளில் கால்கள் இரு பக்கமும் விரிந்துகொண்டால் தரை வழுக்குகிறது என்றே பொருள். செய்தித்தாளை விரித்து வளர்க்கும் புரூடர்களில் இது அதிகம். சொரசொரப்பான துணியையோ ரப்பர் விரிப்பையோ போட்டு, இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் மென்மையான பட்டையால் இணைத்துவைத்தால், இளங்குஞ்சு சில நாளில் தேறிவிடும்.

இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கணுமூட்டு வீங்கிக் கால் வில்லாக வளைந்தால், காரணம் பெரும்பாலும் தீவனம். வான்கோழிக் குஞ்சின் தொடக்கத் தீவனத்தில் 28 விழுக்காடு புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் இருப்பது ஏறத்தாழ 20 மட்டுமே. நியாசின் என்ற பி வகை வைட்டமினும் கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்படுகிறது. தீவனத்தை மாற்றுவதுதான் சரியான தீர்வு. அது கிடைக்கும்வரை உலர் ஈஸ்ட் கலந்து கொடுக்கலாம். மூட்டின் பின்னாலுள்ள தசைநாண் நழுவிக் கால் பக்கவாட்டில் திரும்பிவிட்டால், அது மாங்கனீசு, கோலின் ஆகிய சத்துகளின் குறைவால் வருவது. நழுவிய பின் எதைக் கொடுத்தும் கால் நேராவதில்லை. அந்தப் பறவையைத் துன்பப்பட விடாமல் முடிவெடுத்துவிட்டு, மற்றவற்றின் தீவனத்தைத் திருத்துவதே செய்யத்தக்கது.

வளர்ந்த பறவை நொண்டினால் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் கருத்த பொருக்கும் சுற்றிலும் சூடான வீக்கமும் இருந்தால் அது உயரமான கட்டையிலிருந்து குதித்ததாலோ, ஈரக்கூளத்தாலோ தொடங்கிய சீழ்ப்புண். அகன்ற மார்புடைய கனத்த இனங்களுக்குக் கட்டையைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் அமைக்கக் கூடாது.

எச்சம் கந்தக மஞ்சளாகிறது

இந்த ஓர் அறிகுறிக்காக மட்டும், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு உடனே செயல்பட வேண்டும். மூன்று வாரக் குஞ்சு முதல் நான்கு மாதப் பறவை வரை, இறக்கை தொங்கி, தூங்கிவழிந்து, நீர்த்த எச்சத்தைக் கந்தகத்தின் மஞ்சள் நிறத்தில் கழித்தால், அது பெரும்பாலும் கருந்தலை நோய். தலை கறுப்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. பல பறவைகளுக்குத் தலை கறுப்பதே இல்லை. இறந்த பறவையை மருத்துவர் அறுத்துப் பார்க்கும்போது, ஈரலில் விளிம்பு மேடாகவும் நடு குழிவாகவும் காசு பதித்தாற்போல் வட்ட வட்டமான புண்களும், குருட்டுக்குடலில் பாலாடைக்கட்டி போன்ற அடைப்பும் தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி இந்நோயை உண்டாக்குகிறது. வெளியே கிடந்தால் சில மணி நேரம்கூடத் தாங்காத இந்த உயிரி, ஹெட்டராகிஸ் என்ற குருட்டுக்குடல் புழுவின் முட்டைக்குள் புகுந்துகொண்டு மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்கிறது. அந்த முட்டையைத் தின்ற மண்புழுவும் அதைச் சுமக்கும். கோழி இப்புழுவையும் கிருமியையும் குடலில் வைத்துக்கொண்டு நோயின் சாயலே இல்லாமல் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். அதே மண்ணில் மேயும் வான்கோழிகளோ கூட்டமாகச் சாகும். ஒன்று நோயுற்ற பிறகு, புழுவின் உதவியே இன்றி, எச்சத்தின் வழியாக வான்கோழியிலிருந்து வான்கோழிக்கு நேரடியாகவும் பரவும். நோயுற்ற கூட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் இறப்பதும் உண்டு.

மருந்தின் நிலை ஊக்கமளிப்பதாக இல்லை. அமெரிக்காவில் இதற்கென இருந்த நைட்டர்சோன் 2015ஆம் ஆண்டின் இறுதியோடு விலக்கிக்கொள்ளப்பட்டது. மெட்ரானிடசோல் வகை மருந்துகளை உணவுக்காக வளர்க்கும் பறவைக்குக் கொடுப்பதை அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடைசெய்துள்ளன. ஆகவே நோயுற்றவற்றை அந்த நாளே பிரித்து வேறு தரைக்கு மாற்றி, எஞ்சியவற்றை எச்சம் தேங்காத உலர்ந்த கூளத்தில் அடைத்து, மருத்துவரின் ஆலோசனைப்படி ஃபென்பெண்டசோல் போன்ற குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதுதான் நடைமுறையில் கைகொடுக்கிறது. அம்மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி, ஈரலில் புகுந்துவிட்ட கிருமியைத் தொடாது.

எனவே தடுப்புதான் இங்கே சிகிச்சை. கோழிகள் இருந்த இடத்தில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வான்கோழியை மேயவிடாமல் இருப்பது, இரண்டுக்கும் தனித்தனிக் கருவிகளும் காலணியும் வைத்துக்கொள்வது, வான்கோழிக் கொட்டகையின் வேலையை முதலிலும் கோழிக் கொட்டகையின் வேலையைப் பிறகும் முடிப்பது ஆகியவை செலவில்லாதவை. இடம் போதாத சிறு பண்ணையில் இரண்டில் ஒன்றை மட்டும் வளர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பல ஆண்டுகளாகச் சேர்த்து வளர்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வோர் உண்டு; அவர்களுடைய மண்ணில் கிருமி இன்னும் வந்து சேரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

எச்சம் நீர்த்துப்போகிறது, சளியோ ரத்தமோ கலந்திருக்கிறது

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள் உடலைக் குறுக்கிக்கொண்டு, இறகு சிலிர்த்து, நீர்த்த எச்சம் கழித்தால் ரத்தக்கழிச்சல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கோழிக்குஞ்சில் தெரிவதுபோல் ரத்தம் வெளிப்படையாகத் தெரிவது வான்கோழியில் குறைவு. சளி கலந்த நீர்த்த எச்சமே அதிகம். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள ஈரக்கூளத்தில்தான் இக்கிருமி பெருகுவதால், தட்டைக் கம்பிவலைச் சட்டத்தின் மேல் வைப்பதும் நனைந்த கூளத்தை அன்றன்று அள்ளுவதும் பாதி வேலையை முடித்துவிடும். ஆம்ப்ரோலியம் மருந்தைக் குறிப்பிட்ட அளவில் குடிநீரில் கொடுக்கலாம். அந்த நாள்களில் பி1 வைட்டமின் உள்ள டானிக்குகளைக் கொடுத்தால் மருந்தின் வேலை கெடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோழித் தீவனங்களில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கப்படும் சாலினோமைசின், நராசின் ஆகிய மருந்துகள் வான்கோழிக்கு நஞ்சு. புதுத் தீவன மூட்டையைப் பிரித்த ஓரிரு நாளில், நோயின் முன்னறிகுறி எதுவுமின்றி, நன்றாக வளர்ந்த பறவைகள் காலைப் பின்னோக்கி நீட்டி வயிற்றின் மேல் படுத்து எழ முடியாமல் கிடந்தால், முதலில் தீவனத்தை அகற்ற வேண்டும். பிறகு மூட்டையில் தைத்துள்ள சீட்டைப் படிக்க வேண்டும். அந்தச் சீட்டையும் ஒரு பிடி தீவனத்தையும் மருத்துவரிடம் காட்டுவதற்காக எடுத்துவைப்பது அவசியம்.

கண்ணுக்குக் கீழே வீங்குகிறது, கண்ணில் நுரை வருகிறது

பறவையின் உயரத்துக்குக் குனிந்து, கூளத்துக்கு அருகில் சில நொடிகள் மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். நம் கண்ணும் மூக்கும் எரிந்தால் அது அம்மோனியா. காற்றோட்டத்தைக் கூட்டி, ஈரக்கூளத்தை மாற்றினால் கண் எரிச்சல் தணியும். காற்று நன்றாக இருந்தும், கண்ணுக்கும் நாசிக்கும் இடையே ஒரு பக்கமோ இரு பக்கமோ பை போல் வீங்கி, மூக்கில் சளி ஒழுகினால், அது மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் சைனஸ் நோயாக இருக்கலாம். மருத்துவர் தரும் டைலோசின் போன்ற மருந்தால் வீக்கம் வற்றும். ஆனால் குணமான பறவை கிருமியை உடலில் வைத்துக்கொண்டே இருக்கும், பெட்டையானால் முட்டை வழியே குஞ்சுக்கும் கடத்தும். அத்தகைய பறவையை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வதும், அதன் முட்டைகளை அடைக்கு வைப்பதும் தவறு.

தலையில் கொப்புளமும் பொருக்கும்

இறகற்ற தலையில் மருக்கள் போலத் தோன்றிப் பழுப்புப் பொருக்காக மாறுவது அம்மை. கொசு பரப்புவதால் தண்ணீர் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோலில் மட்டும் இருந்தால் பறவை சில வாரத்தில் தானாகத் தேறும். வாய்க்குள் மஞ்சள் படலம் படர்ந்தால் தின்ன முடியாமல் இறக்கக்கூடும். தடுப்பூசியைக் கோழிக்குப் போடுவதுபோல இறக்கைச் சவ்வில் போடாமல், வான்கோழிக்குத் தொடையில் போட வேண்டும். வான்கோழி உறங்கும்போது தலையை இறக்கைக்குள் செருகிக்கொள்வதால், இறக்கையில் ஊசி போட்டால் அந்த இடத்திலிருந்து கிருமி கண்ணில் பட்டுவிடும்.

கழுத்து தொங்குகிறது அல்லது திருகிக்கொள்கிறது

இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. கழுத்து வலுவிழந்து தரையில் கிடந்து, பறவை விழிப்போடு இருந்தும் தலையைத் தூக்க முடியாவிட்டால், அழுகிய பிணத்தையோ அதில் நெளியும் புழுக்களையோ தின்றதால் ஏற்பட்ட நச்சுப் பாதிப்பு. செத்த எலி எங்கேனும் கிடக்கிறதா என்று தேடி எடுத்துப் புதைக்க வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டு, பறவை வட்டமிட்டுச் சுற்றி, உடன் மூச்சிரைப்போ பச்சை கலந்த கழிச்சலோ இருந்தால், அது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். வான்கோழியில் இது கோழியில் உள்ள அளவுக்குக் கடுமையாக இல்லாமலும் போகலாம், அதனால்தான் தவறவிடப்படுகிறது.

முன்னறிகுறியின்றி இறந்துகிடக்கின்றன

ஒன்று மட்டும், அதுவும் வேகமாக எடை கூடிய இளம் ஆண் மல்லாந்து இறந்துகிடந்து, மற்றவை நலமாக இருந்தால், பெருந்தமனி கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் பெருகியிருக்கலாம், இது தொற்றல்ல. கடும் வெயில் நாளின் பிற்பகலில் இறந்தால் வெப்பத்தாக்கம். நிழலும் குளிர்ந்த நீரும் கொடுத்து, தீவனத்தை விடியலிலும் மாலையிலும் மட்டும் வைக்க வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் வளர்ந்த பறவைகள் பல இறந்தால், எலிகளால் பரவும் பறவைக் காலரா, மண்ணில் தங்கும் எரிசிப்பெலஸ், பறவைக்காய்ச்சல் என்ற மூன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆடோ பன்றியோ முன்பு வளர்ந்த நிலத்தில், ஆணின் அலகுச் சதை வீங்கிக் கருஞ்சிவப்பானால் எரிசிப்பெலஸ் என்று ஐயுறலாம். அக்கிருமி கையிலுள்ள கீறல் வழியே மனிதரையும் தாக்கும். பறவைக்காய்ச்சலோ வான்கோழிகளைக் கோழிகளைவிடவும் எளிதில் பற்றும். காட்டு வாத்துகள் இறங்கும் குளத்தருகே இருப்பவை மிகுந்த ஆபத்தில் உள்ளன. ஆகவே கூட்டமாக இறக்கும்போது நாமாக அறுத்துப் பார்க்கவோ, இறைச்சியாக்கவோ, மற்றப் பறவைகளை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லவோ கூடாது. கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அவர்கள் வரும்வரை உடலைக் கையுறையோடு எடுத்து, இரட்டை உறையில் கட்டிப் பனிக்கட்டிமேல் வைக்கலாம். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து ஆய்வுக்குப் பயன்படாமல் போகும்.

தீனிப்பை தொங்குகிறது

காலையில் தீவனம் வைக்கும் முன் பார்த்தால் தீனிப்பை வெறுமையாக இருக்க வேண்டும். அப்போதும் கெட்டியாக இருந்தால் நீண்ட புல் சிக்கியிருக்கிறது. மேய்ச்சல் நிலத்தின் புல்லைக் குட்டையாக வெட்டி, அரவைக்குச் சிறு கற்களை வைக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த பைபோலத் தொங்கி ஆடினால், கோடையில் ஒரேயடியாக மிகுதியாகக் குடித்ததால் தசை தளர்ந்திருக்கிறது. இத்தளர்ச்சி பரம்பரையாகவும் வருவதால், அப்பறவையின் வாரிசை வளர்க்காதிருப்பது நலம்.

முட்டைகள் பொரிப்பதில்லை

பத்தாம் நாள் இருட்டறையில் விளக்கொளியின் முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் விடையில் பாதி கிடைத்துவிடும். உள்ளே ரத்தக்குழாய் எதுவும் இன்றித் தெளிவாக இருந்தால் அது கருவுறாத முட்டை. அகன்ற மார்புடைய கனத்த ஆண்கள் உடலமைப்பு காரணமாகவே இயல்பாக இணைசேர இயலாதவை. அவ்வினத்துக்குச் செயற்கைக் கருவூட்டல்தான் வழி. இலகுவான இனங்களில் ஐந்து முதல் எட்டுப் பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும். ஆண்கள் மிகுந்தாலும் சண்டையில் இணைசேர்தல் தடைப்படும். பெட்டையின் முதுகில் இறகு உதிர்ந்து கீறல் தெரிந்தால், ஆணின் கால்நகத்தை மழுங்க வெட்டிவிட்டுப் பெட்டைக்குத் துணியாலான முதுகுக் கவசம் கட்ட வேண்டும்.

கரு வளர்ந்து கடைசி நாள்களில் இறந்திருந்தால் இன்குபேட்டரைச் சோதிக்க வேண்டும். வான்கோழி முட்டை பொரிக்க 28 நாள் ஆகும். விசிறியுள்ள கருவியில் 37.5 டிகிரி செல்சியஸும், முதல் 25 நாளுக்கு 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும், அதன் பிறகு 70 விழுக்காட்டையொட்டிய ஈரப்பதமும் வேண்டும். 25ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். இருபத்தொரு நாளில் பொரிக்கும் கோழி முட்டைகளோடு ஒன்றாக வைத்தால் இந்த ஏற்பாடு இரண்டுக்கும் பொருந்தாது. ஓட்டைக் கொத்தி உடைத்த குஞ்சு, உலர்ந்து இறுகிய சவ்வில் ஒட்டிக்கொண்டு இறந்திருந்தால் ஈரம் குறைவு; உப்பி ஈரமாக இறந்திருந்தால் முதல் 25 நாளில் ஈரம் மிகுதி. இவ்விரண்டையும் அடுத்த தடவைக்குக் குறித்துவைக்க, கொத்திய நிலையில் இறந்த முட்டைகளை எறிந்துவிடாமல் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துவிட வேண்டும்.